கொட்டகைக்குள் ஒரு கொலைகாரன்

(சிரம்பானில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறைந்த செலவில் எடுக்கப்படும் திகில் படங்கள் நமக்குத் தேவையா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய ஐயா, தேவையே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். பேயும் கொலையும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்றார். அம்மா ஒருவர், படம் பார்த்த பேரன் ராத்திரி தனியாகக் கழிவறைக்குக்கூடப் போவதில்லை என்றார். இரண்டையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் திகில் படங்களில் ஒரு தனி வகை இருக்கிறது. படம் பார்க்கும் கொட்டகைக்குள்ளேயே கொலைகாரன் புகுந்துவிடும் கதை அது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு, கையில் பணம் இல்லாத நம் இளைஞர்களுக்கு அந்தக் கதை என்ன கற்றுத் தருகிறது என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

அச்சமும் ஒரு சுவைதான்

முதலில் ஒன்று. பயத்தை ரசிப்பது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகை, அழுகை ஆகியவற்றோடு அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறார். அந்த அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நான்கு காரணங்களும் சொல்கிறார். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தமக்கு மேலே இருக்கும் தலைவன் ஒன்று. இன்றைக்கு உலகத்தில் வருகிற திகில் படங்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பேய்ப் படம் அணங்கில் அடங்கும். சுறாவும் முதலையும் வருகிற படம் விலங்கில் அடங்கும். கொலைகாரன் வருகிற படம் கள்வரில் அடங்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. திகில் படத்தின் தொழில் ரகசியம் முழுவதும் அதில் இருக்கிறது. ஒருவனை அரளச் செய்துவிட்டால் போதும். பேயைச் செலவு செய்து காட்ட வேண்டிய அவசியமே இல்லை. மீதியை இருட்டு பார்த்துக்கொள்ளும்.

நாற்காலிக்கு அடியில் நடுக்கம்

வீட்டில் பேய் வருகிற படத்தை நாம் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கிறோம். அது வேறு யாருடைய வீடோ. காட்டில் கொலை நடக்கிறது, நாம் ஊரில் இருக்கிறோம். ஆனால் கொலைகாரன் ஒரு சினிமாக் கொட்டகைக்குள் இருக்கிறான் என்று திரையில் காட்டினால் என்ன ஆகும்? கதை நடக்கிற இடமும் நாம் உட்கார்ந்திருக்கிற இடமும் ஒன்றாகிவிடும். பின்வரிசையில் யாரோ இருமினால்கூடத் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் காசில். பெரிய நட்சத்திரங்களை வைத்துப் படம் எடுக்க வசதி இல்லாதவர். 1958இல் 'மக்காபர்' என்ற படத்தை எடுத்தபோது அவர் செய்த விளம்பரம் வேடிக்கையானது. படம் பார்த்துப் பயத்தில் யாராவது இறந்துபோனால் குடும்பத்துக்கு 1000 டாலர் கிடைக்கும் என்று, லண்டனின் லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தையின் பெயரில் டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தார். மக்கள் வரிசை பிடித்து வந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1959இல் 'தி டிங்லர்' வந்தது. மனிதனுக்குப் பயம் வரும்போது முதுகெலும்பில் ஓர் உயிரி வளர்கிறது, வாய்விட்டு அலறினால்தான் அது அடங்கும் என்பது கதை. அந்தப் படத்தில் மௌனப் படங்கள் காட்டும் சிறிய கொட்டகை ஒன்று வருகிறது. அதை நடத்துகிறவரின் மனைவிக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. அலற முடியாத அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியே கொன்றுவிடுகிறார் கணவர். கொட்டகைக்குள் கொலைகாரன் யாரென்றால், கொட்டகைக்காரரே. பிறகு அந்த உயிரி தப்பித்துக் கூட்டத்துக்குள் ஓடுகிறது. அந்த நேரத்தில் திரை இருட்டாகிவிடும். நடிகர் வின்சென்ட் பிரைஸின் குரல் மட்டும் கேட்கும். உயிர் பிழைக்க வேண்டுமானால் எல்லாரும் அலறுங்கள் என்று அந்தக் குரல் சொல்லும். சில கொட்டகைகளில் நாற்காலிகளுக்கு அடியில் சிறிய மோட்டார்களைப் பொருத்தி, சரியாக அந்த நிமிடத்தில் நாற்காலியை அதிர வைத்தார்கள்.

இது மலிவான வித்தை என்று சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. காசில் தன்னிடம் இல்லாத பணத்தை நினைத்து அழவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஓர் இருட்டு அறை, அதற்குள் ஒருவரை ஒருவர் அறியாத முந்நூறு பேர். அது போதும் என்று கண்டுகொண்டார்.

தமிழில் வந்த 'மாயா'

நம் மொழிக்கு வருவோம். 2008இல் ராம்கோபால் வர்மா 'பூங்க்' என்ற இந்தித் திகில் படத்தை எடுத்தார். கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பயப்படாமல் முழுப் படத்தையும் பார்ப்பவருக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். காசில் செய்த அதே வேலைதான், ஐம்பது ஆண்டு கழித்து.

விளம்பரத்துக்குப் பயன்பட்ட இந்த எண்ணமே 2015 செப்டம்பரில் வெளிவந்த ஒரு தமிழ்ப் படத்தில் கதையானது. அஸ்வின் சரவணன் என்ற இளைஞரின் முதல் படம் 'மாயா'. பெரிய கதாநாயகன் இல்லை. குத்துப்பாட்டு இல்லை. நயன்தாராதான் படத்தைத் தாங்குகிறார். கணவனைப் பிரிந்து, கைக்குழந்தையோடு கடன்தொல்லையில் தவிக்கிற ஒரு பெண்ணாக வருகிறார். ஒரு பேய்ப் படத்தைக் கொட்டகையில் தன்னந்தனியாகப் பார்த்தால் பரிசு என்று அறிவிக்கிறார்கள். முன்பு அப்படிப் பார்க்க முயன்ற ஒருவர் அங்கேயே இறந்துபோயிருக்கிறார். அது தெரிந்தும் இவள் போகிறாள். ஏன் போகிறாள்? வீரத்துக்காக அல்ல. குழந்தைக்குப் பால் வாங்கக் காசு வேண்டும்.

அன்பர்களே, அந்தப் படத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. அத்தனை பெரிய அரங்கில் ஒரே ஒரு பெண், சுற்றிலும் காலி நாற்காலிகள், எதிரே திரை. இந்தக் காட்சிக்கு என்ன செலவு? ஒரு கொட்டகை வாடகை, ஒரு விளக்கு, ஒரு நல்ல நடிகை, நல்ல ஒலி. ஆனால் நம் வயிறு கலங்குகிறது. காரணம் பேய் அல்ல. அவள் எழுந்து ஓட முடியாது என்பது நமக்குத் தெரியும். ஓடினால் பரிசு போய்விடும், பரிசு போனால் குழந்தை பட்டினி. பேய்க்குப் பயப்படுவதா, கடன்காரனுக்குப் பயப்படுவதா என்ற நிலையில் ஒரு தாயை உட்கார வைத்துவிட்டார் இயக்குநர். அப்படி ஒரு காரணம் இருந்தால்தான் திகில் படம் மனத்தில் நிற்கும். அந்தக் காரணத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, யோசித்துத்தான் எழுத வேண்டும்.

இதே கொட்டகையைச் சிரிப்புக்கும் பயன்படுத்தலாம். 2025 மே மாதம் வந்த சந்தானத்தின் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' படத்தில், விமர்சகர்கள்மீது கோபம் கொண்ட ஓர் இயக்குநரின் ஆவி அவர்களைக் கொட்டகைக்கு வரவழைத்துப் பழிவாங்குகிறது. விமர்சனம் எழுதுகிறவர்களும் என்னைப் போல் தொலைக்காட்சியில் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் போலிருக்கிறது!

இல்லாததே பலம்

சரி, பணம் இல்லாமல் எப்படிப் பயமுறுத்துவது? ஹாலிவுட்டில் 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தைச் சொல்லலாம். தயாரிப்பாளர் வால் லியூட்டன். ஒரு படத்துக்கு 150,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று நிறுவனம் அவருக்குக் கட்டளை போட்டிருந்தது. சிறுத்தையாக மாறும் பெண்ணைக் காட்ட அந்தப் பணம் போதாது. அதனால் அவரும் இயக்குநர் ஜாக் டூர்னரும் அதைப் பெரும்பாலும் காட்டவே இல்லை. இரவில் தனியாக நடக்கும் ஒரு பெண், பின்னால் கேட்கும் காலடி ஓசை, பிறகு அந்த ஓசையும் நின்றுபோகிறது. அமைதி. திடீரென்று சீறல். பார்த்தால் ஒரு பேருந்து வந்து நிற்கிறது! அவ்வளவுதான். அந்த ஒரு காட்சியை எண்பது ஆண்டுகளாக உலகம் முழுவதும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1968இல் பீட்டர் போக்டனோவிச் எடுத்த 'டார்கெட்ஸ்' இன்னும் சுவையானது. அதன் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் சிக்கனத்துக்குப் பேர் போனவர். முதிய திகில் நடிகர் போரிஸ் கார்லோஃப் அவருக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளையும், பழைய படம் ஒன்றின் காட்சிகளையும் வைத்து ஒரு புதுப் படம் செய்துகொள் என்று இளைஞரிடம் கொடுத்துவிட்டார். போக்டனோவிச் என்ன செய்தார் தெரியுமா? கார்லோஃபை ஓய்வு பெறப் போகும் ஒரு பேய்ப்பட நடிகராகவே நடிக்க வைத்தார். அந்த நடிகரின் படம் திறந்தவெளிக் கொட்டகையில் ஓடுகிறது. திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவன், திரையில் உள்ள துளை வழியாக, கார்களில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களைச் சுடுகிறான். கிடைத்த மிச்சமீதியை வைத்தே கதை பின்னினார். சமையல் தெரிந்த அம்மா, நேற்றைய சோற்றில் அருமையான புளிச்சோறு கிளறிக் கொடுப்பதைப் போல.

தொலைக்காட்சியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த ஓர் உண்மையைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு திகில் படத்தைப் போட்டுவிட்டு ஒலியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பயம் பாதிக்கு மேல் போய்விடும். படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். பயம் அப்படியே இருக்கும். நம் இளைஞர்கள் கேமராவுக்குக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார்கள், ஒலிக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். திகில் படத்தில் அது தலைகீழ்க் கணக்கு.

நம் மண்ணில் இல்லாத கதையா?

இந்த நாட்டுத் திகில் படங்களுக்கு வழி காட்டியவர்களில் ஒருவர் தமிழ்ப் படங்களை இயக்கியவர் என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1957இல், நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டில், 'பொந்தியானா' என்ற மலாய்ப் படம் வெளிவந்தது. மரியா மெனாடோ நடித்தது, கேத்தே கெரிஸ் நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் பி. என். ராவ். 1945இல் ரஞ்சன் நடித்த 'சாலிவாகனன்' என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவரும் அவரே. 'பொந்தியானா' சக்கைப்போடு போட்டது, அடுத்தடுத்துத் தொடர் படங்களும் வந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒரே கொட்டகையில் ஒன்றாக அலறினார்கள். அச்சத்துக்கு மொழி பேதம் இல்லை. ஆனால் அந்த முதல் படத்தின் பிரதி காணாமல் போய்விட்டது. நம்மிடம் மிஞ்சியிருப்பது சுவரொட்டிகளும் செய்திகளும் பெரியவர்களின் நினைவும்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பயக்கதை சொல்லித் தர வேண்டுமா? விடியாத நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் நம் தாத்தாவும் பாட்டியும். நிரை நிரையாக ஒரே மாதிரி நிற்கும் மரங்கள். காய் வெடித்து விழுகிற சத்தம். எல்லைக்கல் ஓரத்தில் முனியாண்டி. லயத்துக்கு முன்னால் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட நாள்களில், இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து, இடதும் வலதும் மாறிய உருவங்களைப் பார்த்தார்கள். துணியின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் பேய். இதைவிட ஒரு நல்ல திகில் காட்சியைக் கோடம்பாக்கத்தில் யார் கற்பனை செய்வார்கள்? செலவு என்ன? ஒரு துணி, ஒரு விளக்கு, ஒரு திடல்.

ஆனால் நம் இளைஞர்கள் சிலர் திகில் படம் என்றால் ஊட்டி பங்களாவைத் தேடுகிறார்கள். பங்களா வேண்டாம் தம்பி. ஆள் போய்விட்ட லயம் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக் கட்டடம் இருக்கிறது. மரச்சாமான் கடையாக மாறிவிட்ட பழைய கொட்டகை இருக்கிறது. தீபக் குமாரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை'யைத் தோட்டத்தை வைத்துத்தான் எடுத்தார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. இவை திகில் படங்கள் அல்ல. ஆனால் நம் மண்ணை, நம் பேச்சை, குறைந்த செலவில் காட்ட முடியும் என்று நிரூபித்த படங்கள். அந்த மண்ணுக்குள் நம் அச்சமும் புதைந்திருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டது, அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கிற ஒரு பேய் வந்தால் அந்தப் பேயைக் கண்டு பயப்படுவோமா, அழுவோமா? தெரியவில்லை. அப்படி ஒரு படம் வர வேண்டும் என்பது என் ஆசை.

அச்சம் வேறு, கொடூரம் வேறு

இப்போது ஐயா எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். கொலைப் படம் ஆளைக் கெடுக்காதா? 1984இல் மணிவண்ணன் இயக்கிய 'நூறாவது நாள்' மிகக் குறைந்த நாள்களில் எடுக்கப்பட்டுப் பெரிய வெற்றி பெற்றது. மொட்டைத் தலையோடு சத்யராஜ் மிரட்டிய படம். சென்னையில் பல கொலைகளைச் செய்த ஒருவர் அந்தப் படம் பார்த்துத்தான் தூண்டப்பட்டதாகச் சொன்ன செய்தி அப்போது பெரும் விவாதமானது. ஒரு குற்றவாளி சொல்லும் காரணத்தை அப்படியே நம்பிவிட முடியாது. பல லட்சம் பேர் பார்த்தார்கள், அவர்கள் யாரும் கத்தியைத் தூக்கவில்லை. இருந்தாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய எச்சரிக்கை அது.

'டார்கெட்ஸ்' கற்பனை. 2012 ஜூலையில் அமெரிக்காவின் அரோரா நகரில் பேட்மேன் படம் ஓடிய கொட்டகைக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நிஜமாகவே நுழைந்தான். 12 பேர் இறந்தார்கள். படம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களை நினைத்துவிட்டுத்தான் எந்த இயக்குநரும் இந்த மாதிரிக் கதையைத் தொட வேண்டும். கொலைகாரனைக் கதாநாயகனாக்கிக் கைதட்டல் வாங்குவது ஒன்று. கொலையுண்டவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்று உணர வைப்பது இன்னொன்று. ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றுவது சுலபம், அதில் அச்சம் இல்லை, அருவருப்புத்தான் இருக்கிறது. தொல்காப்பியரும் இளிவரலையும் அச்சத்தையும் தனித்தனியாகத்தான் வைத்தார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தணிக்கை வாரியம் வயது வரம்பைச் சுவரொட்டியில் போட்டிருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஐந்து வயதுப் பிள்ளையை இரவுக் காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பிள்ளையின் பயத்துக்குப் படம் எடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

உண்மையான கொலைகாரன்

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாட்டில் எல்லாக் கொட்டகைகளும் மூடப்பட்டன. அதே ஆண்டில் எம்பிஓ என்ற பெரிய திரையரங்கு நிறுவனம் கடையைக் கட்டியது. கொட்டகைகள் திறந்த பிறகும், கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர். கைப்பேசியில் திகில் படம் பார்ப்பது, தாளிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டுப் பசியாறுவது மாதிரி. நடுவில் குறுஞ்செய்தி வரும், அம்மா கூப்பிடுவார், பயம் எங்கிருந்து வரும்?

ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் அலறி, உடனே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிற அனுபவம் வேறு எங்கே கிடைக்கும்? நம்மைச் சுற்றி மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் நாம் பயத்தை ரசிக்கிறோம். 'மாயா'வில் அந்தப் பெண்ணைச் சுற்றி இருந்த காலி நாற்காலிகளை நினைத்துப் பாருங்கள். நம் உள்ளூர்ப் படங்கள் வெளியாகும்போது அந்தக் காலி நாற்காலிகள்தான் நிஜத்தில் இருக்கின்றன. முதல் வாரக் கடைசியில் ஆள் இல்லை என்றால் அடுத்த வாரம் காட்சி இல்லை. காட்சி இல்லை என்றால் அந்த இளைஞருக்கு அடுத்த படமும் இல்லை. கொட்டகைக்குள் புகுந்த உண்மையான கொலைகாரன் அந்தக் காலி நாற்காலிதான்.

ஆகவே, படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் இல்லை என்று உட்கார வேண்டாம், உங்கள் பாட்டியிடம் போய் அவர் எதற்குப் பயந்தார் என்று கேட்டு எழுதுங்கள். சபையில் இருக்கும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் உள்ளூர்த் தமிழ்ப் படம் சிரம்பானுக்கு வந்தால், நன்றாக இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்காமல் முதல் வாரமே போய்ப் பாருங்கள். படம் பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்து தாராளமாகத் திட்டுங்கள். திட்டுவதற்காவது போய் உட்காருங்கள்.